எந்த அர்த்தநாரி

சூரமங்கலம் மண்டல அலுவலகத்தில்
ஏழாம் எண் ஜன்னலுக்கு எதிரே
மூன்றாவது நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை.
யாராவது எழுந்தால் மற்றவர்கள்
ஒரு விரற்கடை இறங்குகிறோம்.

நான் பிறந்ததற்குச் சான்று வேண்டுமாம்.
அதுவும் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக,
பிறந்தது பால் மாதிரி
திரிந்துபோய்விடும் என்பதைப் போல.

எழுத்தர் குணசுந்தரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
குழந்தை: பெண்.
தகப்பனார்: அர்த்தநாரி, சைக்கிள் கடை.
பெயர் என்ற கட்டத்தில்
முப்பத்தொன்பது வருஷமாக ஒரு சின்னக் கோடு.
"பேரு வெக்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருவாங்க.
அப்புறம் வந்து சேக்கறதுக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

செந்த் எத்தியேனில் நிலைமை இதைவிட மேல்.
அங்கே எனக்கு அப்பாவின் பெயராவது உண்டு.
பாஸ்போர்ட்டில் எதை எங்கே போட்டார்களோ,
பதினோரு வருஷமாக நான் மதாம் அர்த்தநாரி.
தபால்பெட்டியில் அர்த்தநாரி. கதவுக்கு எண் கிடையாது,
பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிவிடும்.
மருந்துக்கடையில் அர்த்தநாரி.
வாயைத் திறங்கள் என்னும் பல் டாக்டருக்கும்
அர்த்தநாரி, நடு எழுத்தைத் தொண்டையில் உருட்டி,
விடிகாலையில் அப்பா காறுவது போலவே.

ஒருமுறை ஃபோனில் அவரிடம் சொன்னேன்.
"பாதி பொம்பளதானே, பொருத்தமாத்தான் கூப்புடறான்"
என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்:
"கரண்ட் பில்லும் என் பேர்லயா வருது?"
வருகிறது.
அவர் போன பிறகும் வருகிறது.

ஐந்தே முக்காலுக்கு முதல் டிராம்.
பனிக்காலத்தில் ஜன்னலில் என் முகம் மட்டும்தான் தெரியும்.
சுரங்கம் கக்கிய இரண்டு கரிமேடுகள்
ஊர் ஓரத்தில் கறுப்பாக நிற்கும்;
வெள்ளைக்கல் குவாரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
கழுவாத பிலிம்சுருள் மாதிரி.
தொழிற்சாலையில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்
இழுபடும் பட்டி நெய்கிறோம்.
உங்கள் ஊரில் பட்டு நெய்வார்களாமே என்றான் மேற்பார்வையாளன்.
பட்டு, பட்டி, ஒரு கொம்புதான் வித்தியாசம்
என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

சனி மாலை மறந்தால் திங்கள்வரை வெங்காயம் இல்லை.
பத்து மணிக்கு மேல் துணி மெஷின் ஓடினால்
கீழ்வீட்டு மதாம் பெரான் சீட்டெழுதி லிஃப்டில் ஒட்டுவாள்,
அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு.
இதையெல்லாம் வாழ்க்கை என்று சொல்ல
எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

நாளைக்குக் கோட்டை மாரியம்மனுக்கு உள்ளூர் விடுமுறை.
இன்று விட்டால் வியாழன்.
அப்புறம் சென்னையில் முத்திரை,
பாண்டிச்சேரியில் மொழிபெயர்ப்பு,
பதினேழாம் தேதி விமானம்.

குணசுந்தரி படிவத்தை நீட்டினார்.
"ஒரு தடவைதான் எழுதலாம். மாத்த முடியாது.
யோசிச்சு எழுதுங்க."

யோசித்தேன்.
காலி கட்டம். என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.
தடுக்க யாரும் இல்லை, தொட்டிலும் இல்லை.
பேனா மை காய்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு
பூங்கோதை என்று எழுதினேன்.
கோவின் கால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

"உட்காருங்க, கூப்புடறோம்."

தட்டுவடை செட் பொட்டலம் பாதி காலியானபோது
ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"அர்த்தநாரி!"

எழுந்தேன். பெஞ்சு இரண்டு முறை ஆடியது.
மறுகோடியில் வேட்டி கட்டிய ஒருவர்,
கையில் வீட்டுவரி ரசீது, அவரும் எழுந்திருந்தார்.
பதினோரு வருஷத்தில் அந்தப் பெயருக்கு
என்னோடு இன்னொருவர் எழுந்ததில்லை.

"எந்த அர்த்தநாரிங்க?" என்றார் ஜன்னலைப் பார்த்து.
குணசுந்தரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
என் வாய் நிறையத் தட்டுவடை.
விழுங்கிவிட்டு,
"சைக்கிள் கடை" என்றேன்.