இரண்டாம் வாசிப்பு

ரோஹுகூலா துறையில் படகு வாய் திறக்க
வெள்ளைப் பேருந்து ஒன்று பின்பக்கமாக ஏறுகிறது.
ஆரஞ்சு மேற்சட்டைக்காரி இரு கையும் தூக்கி
வா, வா, இன்னும் ஒரு சாண் என்கிறாள்,
பிறகு உள்ளங்கை காட்டுகிறாள்: நில்.
பேருந்தின் வயிற்றில் ஓர் எக்ஸ்ரே இயந்திரம்.
ஹீயுமா தீவுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை போகிறது.
இதை நான் பார்க்கவில்லை.
பின்னால் அவளே சொன்னாள்.

மறுநாள் அவளும் அதில் ஏறினாள். பெயர் ஹெல்வே.
அறுபத்தொரு வயது.
குளிர்ந்த தட்டில் மார்பை வைத்ததும்
"இன்னும் கொஞ்சம் முன்னால், தோளைத் தளர்த்துங்கள்,
மூச்சுவிடாமல் நில்லுங்கள்" என்றாளாம் கூல்லி.
என் வேலையை என்னிடமே செய்கிறாள் என்று
ஹெல்வேக்குச் சிரிப்பு.
மேல்தட்டு இறங்கியதும் சிரிப்பு நின்றது.
அழுத்திப் பரப்பினால்தான்
ஒரு திசுவின் நிழல் இன்னொன்றின்மேல் விழாது.
எலும்பு தேடும் கதிரல்ல இது. மெல்லியது,
கொழுப்புக்கும் சுரப்பிக்கும் நடுவிலுள்ள
மயிரிழை வித்தியாசத்தை எடைபோடுவது.
பத்து நொடி.
கெட்ட வார்த்தை ஒன்றை மனசுக்குள் சொன்னாளாம்.

என்னிடம் வந்தவை நான்கு படங்கள் மட்டும்.
தாலினில், ஜன்னல் இல்லாத அறை.
கொழுப்பு கறுப்பு. சுரப்பி வெள்ளை.
புற்றும் வெள்ளை,
வம்பு அங்கேதான்.
சில மார்புகள் தெளிந்த இரவு,
எதிர்க்கரை விளக்கு கண்ணில் குத்தும்.
சில, முழுக்க மூடுபனி. ஹெல்வேயுடையது அப்படி.

முதல் வாசிப்பு ராய்டோவுடையது.
அவன் முடிவை எனக்குக் காட்டமாட்டார்கள்,
என் கண் அவன் கண்ணுக்குத் தலையாட்டிவிடக் கூடாது.
இடது மார்பு, அக்குளை ஒட்டிய மூலை.
உப்புத்தூள் சிந்தியதுபோல் ஐந்தாறு புள்ளி,
அவற்றை ஒட்டி இழைகள்
யாரோ துணியைக் கிள்ளி இழுத்தமாதிரி.
உருப்பெருக்கினேன். குறைத்தேன்.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தூரத்திலிருந்து பார்த்தேன்.
"அழைக்கவும்" என்று அழுத்திய பிறகு
திரை திறந்துகாட்டியது,
ராய்டோ: இயல்பு.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து
அரைமணி வாதாடினோம். கடிதம் போனது.
அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோர்
ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போவார்கள்.
கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும்.
படித்த இரவில் அதை யார் நம்புகிறார்கள்?

பசை தடவி ஒலிக்கருவியை நகர்த்தினேன்.
எக்ஸ்ரேயில் வெள்ளையாய் ஒளிந்திருந்தது
ஒலியில் கறுப்பாய், ஓரம் பிசிறி, நின்றது.
ஏழு மில்லிமீட்டர்.
ஊசியைச் சாய்த்து உள்ளே செலுத்தும்போது
விரிப்பின்மேல் அவள் வலக்கை தானாக அசைந்தது,
வா, வா, இன்னும் கொஞ்சம்.
ஊசியின் வில் டக்கென்று அடிக்க
உள்ளங்கை விரிந்து நின்றது.

முடிவு வந்த அன்று, அவள் வருமுன்,
ஈராண்டுக்கு முந்தைய படத்தைத் திறந்தேன்.
அதே மூலை.
எங்கே பார்ப்பது என்று தெரிந்தபின்
அங்கே ஏதோ இருக்கிறது.
இரண்டு புள்ளி. மூன்று என்றும் சொல்லலாம்.
கீழே, இயல்பு.
அதன் கீழே என் பெயர்.

சொன்னேன்.
சிறியது, நிணநீர்க் கணுக்கள் சுத்தமாகத் தெரிகின்றன,
அறுவை முடிந்து நெடுங்காலம் வாழலாம்,
இதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டு
அதையும் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"அது எந்த மாதம்?"
"நவம்பர்."
"நவம்பர்," என்றாள்.
மன்னித்தாளா, வெறுமனே மாதத்தைச் சொன்னாளா
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
ஆறரைப் படகைப் பிடிக்க வேண்டும் என்று
மேற்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது ஒவ்வொரு படத்திலும்
கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.
அதிகம் பேரை அழைக்கிறேன் என்று கணக்கு சொல்கிறது,
வீணாகப் பயந்தவர்களும் கூடியிருக்கிறார்கள்.
ராய்டோ எதுவும் கேட்பதில்லை.
இன்றைக்கு இன்னும் தொண்ணூற்று நான்கு பேர்.