வடுகபட்டிக்குப் போன அட்டை

அட்டையை எங்கே வைப்பது என்பதுதான்
முதல் மாதம் முழுக்க யோசனை.
அரிசிப் பானை மாமியாருடையது.
டிரங்குப் பெட்டிச் சாவி வேலப்பன் அரைஞாணில்.
தலையணைக்குள் சரசரக்கும்,
சின்னவள் பிரித்துப் பார்ப்பாள்.
பரணில் புகைக்குத் தொங்கும் பூண்டுக் கட்டுகளில்
சுவரோரம் மூன்றாவது
எனக்கென்று கிடைத்தது.

பொழுது சாய்ந்ததும் அடுப்பில் ஈர விறகை வைப்பேன்.
பூம்பாறைக் குளிரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.
புகை எல்லார் கண்ணையும் கட்டும் நேரத்தில்
ஏணியில் ஏறுவேன்.
"பூண்டு காஞ்சிருச்சான்னு பாக்குறேன்."
இருமலோடு ஒன்றை விழுங்கினால் போயிற்று.
எழுத்துத் தெரியாது, அம்புக்குறி தெரியும்.
வெள்ளை இருபத்தொன்று, துருநிறம் ஏழு.
வேலப்பனுக்கு அமாவாசை, பௌர்ணமி.
எனக்கு வெள்ளை, துரு.

மாதம் ஒரு புதன்கிழமை
ஜெசிந்தா சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டியோடு
பள்ளிக்கூடத்துக்கு வருவார்.
சின்னவளை எடை பார்க்கிற சாக்கில்
அட்டையை என் மடிக்குள் தள்ளுவார்.
"காப்பர்-டி போட்டுக்கிறியா? ஒளிக்க வேண்டியதில்ல."
வெள்ளத்தாயிக்கு அது நெஞ்சுக்கு ஏறிவிட்டதாமே என்றேன்.
வெள்ளத்தாயியைக் கேட்டால்
தனக்கில்லை, மன்னவனூரில் ஒருத்திக்கு என்றாள்.
மன்னவனூரில் கேட்டால் கவுஞ்சியில் என்பார்கள்.
"நெஞ்சுக்குப் போக வழியே இல்லடி"
என் உள்ளங்கையில் பேனாவால் படம் போட்டார்.
வீடு வரும்வரை கையை மூடியே வந்தேன்.

ஆபரேஷன் என்றால்
ஆண்பிள்ளை ஒன்று பிறக்கட்டும் என்கிறார் மாமியார்.
ஆம்பளைக்கும் உண்டாம் என்று ஒருநாள்
சோறு போடும்போது சொல்லிப் பார்த்தேன்.
"அப்புறம் மூட்டை யாரு தூக்குறது?"
அன்றைக்குப் பள்ளத்துக் காட்டிலிருந்து
நான் சுமந்து ஏறியது பதினோரு நடை.

ஐப்பசியில் ஒரு விடிகாலை
தண்ணீருக்குப் போய்த் திரும்புகிறேன்,
பரண் காலி.
விலை ஏறியிருக்கிறதென்று போன் வந்ததாம்.
நூற்றி எண்பது கட்டும் லாரியில்.
சுவரோரம் மூன்றாவதும்.
அதில் பத்தொன்பது வெள்ளை மிச்சம்.

வடுகபட்டியில் நல்ல விலை.
எனக்கொரு சேலை வாங்கி வந்தான், ஊதா.
அன்று ராத்திரி சந்தோஷமாக இருந்தான்.
தலைவலி என்றேன்.
மறுநாளும் தலைவலி.
மூன்றாம் நாள்
"அப்படி என்ன வலி" என்றான், சேலையைப் பார்த்தபடி.

அந்த வாரம் மழையில் ரோடு சரிந்தது.
புதன்கிழமை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.
பிறகு பஸ் ஓடத்தான் செய்தது.
கொடைக்கானலுக்குப் போக
டிக்கெட் காசு மட்டும் போதாது எனக்கு,
ஒரு காரணமும் வேண்டும்.

குழந்தை வேலப்பர் முன்னால் நின்றேன்.
உன் பேரிலேயே இருக்கிறது,
உன்னிடம் போய் எப்படி வேண்டாமென்பது?
விபூதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூண்டு மண்டியில் தாள் உரிக்கிற எவளோ ஒருத்தி
அந்தக் கட்டை அவிழ்த்திருப்பாள்.
பார்த்ததும் தெரிந்திருக்கும்.
சிரித்திருப்பாளா, கூப்பிட்டுக் காட்டியிருப்பாளா?
முதலாளி திரும்புவதற்குள்
இடுப்பில் செருகியிருந்தால் நல்லது.
புகைவாசம் அடிக்கும், அக்கா,
துடைத்துவிட்டுப் போடு.

இன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள்.
நாளன்றைக்குப் புதன்.
அடுத்த நடவுக்கு விதைப்பூண்டு பல் பிரிக்கிறோம்.
காரம் நகக்கண்ணில் ஏறி எரிகிறது.
மாமியார் என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
இன்னொரு கரண்டி வாங்கிப் போட்டுச்
சாப்பிடுகிறேன்,
குமட்டலே தெரியாதவள்போல.