சனிக்கிழமை வரை

வரியில்லாச் சந்தையில்
ஓயார்சுன் இரண்டு பெட்டிகளையும் என் பக்கம் தள்ளினார்.
"சனிக்கிழமை வரை வைத்துக்கொள், நெவென்கா.
ஒன்றுக்குப் பணம் கொடு,
மற்றதைத் திருப்பிக் கொடு."
இரண்டுக்கும் ஒரே பேட்டரி.
இரண்டும் என் முழங்கை நீளம்கூட இல்லை.

பூந்தா அரேனாஸில் காற்றுக்கு நாள் கிழமை கிடையாது.
திங்கள் முழுக்கப் பட்டறையின் தகரக் கதவைக்
கடன்காரன்போலத் தட்டிக்கொண்டே இருந்தது.
முதலில் ராட்செட்டை எடுத்தேன்.
மெலிந்த கழுத்து.
ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே
சந்து கண்ட பூனையாய் நுழைந்தது.
ஏற்கெனவே இளகியிருந்த நட்டுகளைப்
பட்டாணி உரிப்பதுபோல் கழற்றிக் கொடுத்தது.
இதுதான் என்று
அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

செவ்வாயன்று அந்த வேன் வந்தது.
ஆறு குளிர்காலம் கடலோரத்திலேயே நின்றது.
அதில் நட்டு என்று தனியாக ஒன்றும் இல்லை,
எல்லாம் உப்பும் துருவும்.
விசையை அழுத்தினேன்.
நட்டு அசையவில்லை.
ஏதாவது ஒன்று சுற்றியாக வேண்டுமே,
நான் சுற்றினேன்.
கைப்பிடி என் மணிக்கட்டைத் திருகிக்கொண்டு போய்
பிராக்கெட் விளிம்பில் மோதியது.
பனியில் வழுக்கி முறிந்து
உள்ளே தகடு வைத்துத் தைத்த அதே மணிக்கட்டு.
முட்டித்தோல் உரிந்தது.
ராட்செட்டின் கழுத்திலும் ஒரு கீறல்.

புதன் காலை, கழுத்து வளைந்த இம்பாக்ட்.
உள்ளே ஒரு சின்னச் சுத்தியல்
தன் சண்டையைத் தானே போட்டுக்கொள்கிறது.
பக்கத்து வீட்டுத் தகராறு சுவர்வழியே கேட்பதுபோல்
கைக்கு வருவது வெறும் அதிர்வு.
நேற்றைய நட்டு முனகியது,
செந்தூள் உதிர்த்தது,
வந்தது.
காற்றுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சிரித்தேன்.

மதியம் அதே கர்வத்தோடு
தண்ணீர் பம்பின் போல்ட்டை முடுக்கினேன்.
அலுமினியத்துக்குள் இரும்பு.
போதும் என்ற இடம் சுத்தியலுக்குத் தெரியாது.
ராட்செட்டாக இருந்தால்
மணிக்கட்டாவது சொல்லியிருக்கும்.
மரை வெண்ணெயாய்ச் சுருண்டு வெளியே வந்தது.
மறுபடி மரை வெட்டி முடிக்க இரவு பதினொன்று.
அந்தக் கூலி என் கணக்கில்.

வியாழனன்று ரெமிஹியோ பார்ரியாவின் ஆட்டு லாரி,
இரண்டு பேர் தள்ள, ஒருவர் திட்ட, உள்ளே வந்தது.
ஸ்டார்ட்டர் செத்திருந்தது.
பொர்வெனீர் போகும் படகுக்கு மூன்று மணி நேரம்.
மேல் போல்ட், இன்ஜினுக்குப் பின்னால்,
கண் போகாத இடத்தில்; விரல் மட்டும் போகும்.
இம்பாக்ட்டின் தலை ஒரு விரல் தடிமன் கூட. நுழையவில்லை.
ராட்செட் நுழைந்தது,
விசையை அழுத்தத்தான் கை வரவில்லை.

கடைசியில் பழைய ஸ்பேனர், அதன் வாலில் ஒரு குழாய்,
மல்லாந்து படுத்த நான்.
கால் சுற்று. அதில் பாதி. அதிலும் பாதி.
பின்னால் நீட்டிக்கிடந்த என் கால்கள்மேல்
ஒரு செம்மறியாடு
தன் கருத்தைச் சொட்டுச் சொட்டாய்த் தெரிவித்தது.
போல்ட் இளகியதும்
மிச்சத்தை ராட்செட் நொடியில் முடித்தது,
எல்லாம் தானே செய்ததுபோல.
படகு கிடைத்ததா என்று பார்ரியா சொல்லவில்லை.
பணமும் இன்னும் வரவில்லை.

வெள்ளி இரவு கணக்குப் போட்டேன்.
இரண்டையும் வாங்கலாம், வாடகை கொடுக்காவிட்டால்.
இந்த ஊரில் தானாக வரும் நட்டு எத்தனை?
சந்துக்குள் நுழைய எனக்கு விரல் இருக்கிறது,
ஸ்பேனர் இருக்கிறது, பொறுமைகூடக்
கொஞ்சம் இருக்கிறது.
முரட்டுத்தனம்தான் கைவசம் இல்லை.
அதைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.
மெல்லிய போல்ட்டுகளை இனி கையால்தான் முடுக்குவேன்
என்று சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.
எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை ராட்செட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து
ஓயார்சுன் முன்னால் வைத்தேன்.
அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்,
கழுத்துக் கீறலை நகத்தால் தடவினார்,
பென்சிலால் ஒரு தொகை எழுதினார்.
என் முட்டியையும் பார்த்தார்.
அதற்கு ஒன்றும் எழுதவில்லை.