மூன்றாவது மிதி

பேரில்தான் ஆட்டோமேட்டிக்.
மால்ட்டாவைத் தாண்டி மேடேறும்போது
இரண்டா மூன்றா என்று அது யோசிக்கும்.
என்ஜின் கத்தும், சக்கரம் கேட்காது.
பின்னால் வந்த கோதுமை லாரிக்காரன்
ஹாரனில் விடை சொல்லிக் கொடுத்தான்.

எண்பத்தாறாம் வருடத்து ஷெவி.
பிரித்துக் கட்ட
மூவாயிரத்து எண்ணூறு டாலர் என்றான் மெக்கானிக்.
வண்டியை விற்றாலே அவ்வளவு வராது.
கியர்பாக்ஸை நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.
சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்,
மரியாதைக்கு.

டெல்ஃபின் லஃப்ராம்பாய்ஸின் காயலான் கடையில்
மூக்கு நசுங்கி ஒன்று கிடந்தது.
அதே வருடம், அதே நீளம்.
கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், பெடல்கள், ஷாஃப்ட்,
எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது.
கிளட்ச் பெடலின் ரப்பர்
இடது ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.
யாரோ இருபது வருடம்
காலைச் சாய்த்தே மிதித்திருக்கிறார்.
இருக்கிறாரா, போய்விட்டாரா?
கேட்கத் தயங்கித்தான் கேட்டேன்.
"பனியில கவுந்தது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.
இப்போ ஆட்டோமேட்டிக் ஓட்டுறாரு."

ஓரினுக்கு ஃபோன் செய்தேன்.
விவாகரத்தில் படகு அவனுக்கு, டிரக் எனக்கு.
கியர்பாக்ஸ் இறக்கும் ஜாக்கி யாருக்கென்று
தீர்ப்பில் இல்லை.
அது என் கொட்டகையிலேயே நின்றுவிட்டது.
"ஜாக்கியைப் பார்க்க வரேன், வெர்னா" என்றான்.

முதல் சனிக்கிழமை பழையதை இறக்கினோம்.
சிவப்பாக இருந்திருக்க வேண்டிய எண்ணெய்
தட்டில் பாதி, என் கழுத்தில் பாதி.
தீய்ந்த ரொட்டி வாசம்.
பெடலுக்கு மேலே தகரத்தில்
கம்பெனிக்காரன் குத்தி வைத்த சின்னக் குழி,
கிளட்ச் வேண்டுமென்றால் இங்கே துளையிடு என்று.
அத்தனை வருடமும் அதன்மேல் கம்பளி போர்த்தி
ஓட்டியிருக்கிறேன்.
தரைத் தகட்டை வெட்டும் சத்தத்தில்
ஓரின் ஏதோ சொன்னான்.
ரம்பத்தை நிறுத்திவிட்டு என்ன என்றேன்.
ஒன்றுமில்லை என்றான்.
எங்களுக்குப் பழகின உரையாடல்தான்.

அடுத்த வாரம்
எண்பது கிலோ வார்ப்பிரும்பை மெல்ல ஏற்றி
ஆட்டி, அசைத்து, திட்டி, நுழைத்து,
கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு
காபி எடுக்கப் போனால்
கோப்பைக்குப் பின்னால்
மோதிரம் போல ஒரு பித்தளை வளையம்.
என்ஜின் தண்டின் குழிக்குள்
எல்லாவற்றுக்கும் முன்னால் போயிருக்க வேண்டியது.
அதில்லாமல் கியர்பாக்ஸ் நடு நிலையில் நிற்காது,
ஆடும், தேயும், ஒருநாள் உடையும்.

அங்கே வைத்தது யார்?
நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
பதினோரு வருடக் குடித்தனத்தில்
நாங்கள் கேட்காமல் விட்ட
முதல் கேள்வி அது.
ஜாக்கியை மறுபடி உள்ளே தள்ளினோம்.

நவம்பர் கடைசியில் சாவியைத் திருப்பினேன்.
கியரில் கிடந்தது தெரியாமல்.
துள்ளிப் போய் டீசல் பீப்பாயை முட்டியது.
ஓரின் பீப்பாய்க்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.
"இன்னும் கோபம் போகலையா?" என்றான்.

இப்போது இடது காலுக்கு வேலை வந்திருக்கிறது.
முதல் வாரம் அது
கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்து
தபால் நிலையத்து வாசலில்
என் மூக்கைக் கண்ணாடிக்குக் காட்டியது.
ஒன்றாம் கியர் மரவேரைப் பிடுங்கத்தான் லாயக்கு;
இரண்டில்தான் கிளம்ப வேண்டும்.
மேட்டின் அடியிலேயே மூன்றுக்கு இறக்கிவிட்டால்
முணுமுணுப்போடு, நிற்காமல் ஏறுகிறது.

ரப்பரை மாற்றவில்லை.
என் காலும் இடப்பக்கம் சாயத் தொடங்கிவிட்டது.
ஜாக்கி இன்னும் இங்கேதான் இருக்கிறது.
அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால்
பழைய எழுத்துகள் அப்படியே.
முள்ளை இழுக்க இனிக் கம்பியில்லை,
பார்க்கிங்கில் சாய்ந்து கிடக்கிறது.
அறுபது மைல் வேகத்தில் போகும்போது
சில நேரம் அதைப் பார்ப்பேன்.
அதன் கணக்கில் இந்த வண்டி
நவம்பரிலிருந்து
இடத்தைவிட்டு நகரவே இல்லை.