குறைந்தபட்சத் தடிமன்

வாங்கும்போது கேட்டதெல்லாம் ஓடுவதைப் பற்றி.
நூறைத் தொட எத்தனை நொடி,
ஆறாவது கியரில் என்ன சத்தம்.
ஹிஹோனில் அந்தப் பல்மருத்துவர்
விவாகரத்துக் காகிதங்களுக்கு அடியிலிருந்து
சாவியைத் தேடி எடுத்துத் தந்தார்.
நிற்பதைப் பற்றி
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை.
மியேரெஸில் இரவு மருந்துக்கடையில்
இருமல் மருந்து விற்கிறவளுக்கு இது எதற்கென்று
தெருவே கேட்டு முடித்துவிட்டது.

பஹாரெஸ் கணவாய் இறக்கத்தில்
ஸ்டியரிங் நடுங்கியது.
முதலில் என் கை என்றுதான் நினைத்தேன்.

மெக்கானிக் அமாரோ சக்கரத்தைக் கழற்றி
பிரேக் டிஸ்கின் விளிம்பை அளவுகோலால் கவ்வினான்.
இருபத்து நான்கு புள்ளி ஏழு.
"இருபத்தாறுக்குக் கீழே போகவே கூடாது.
இதோ, அதிலேயே எழுதியிருக்கிறது."
துருவுக்கு அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது
இதற்கு மேல் தேயாதே என்று.
என் உடம்பைத் தேடினால்
அப்படி எங்கும் எழுதியிருக்காது.

கம்பெனி ஷோரூமில் முன்சக்கர ஜோடி
ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ.
சொன்ன பையனின் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.
என் சம்பளத்தில் நாற்பது மிச்சம் வைத்திருந்தான்.
வரி தனி என்றான். அதுவும் போயிற்று.

பெயரில்லாத டிஸ்க் தொண்ணூறுக்குக் கிடைக்குமாம்.
போனில் கேட்டேன்: நிற்குமா?
"நிற்கும்" என்றான்.
கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு
"சாதாரணமாக நிற்கும்" என்றான்.
போனை வைத்துவிட்டேன்.

லாங்ரெயோவில் பழைய இரும்புக் கடை.
மழையில் ஒரு வண்டி, என்னுடையதேதான்,
மஞ்சள்கூட அதே மஞ்சள்,
மூக்கு மட்டும் முதுகுவரை வந்திருந்தது.
டிஸ்குகளில் நல்ல தடிமன். ஆனால் நீலம் பாரித்திருந்தன.
கடைசியில் மிதித்திருக்கிறான்.
முழு பலத்தோடு, ரொம்பத் தாமதமாக.
"பாதி விலை" என்றார் கடைக்காரர் செனேன்.
நான் பேசாமல் நின்றேன்.

அவர் என் பையிலிருந்த தேய்ந்த டிஸ்கை வாங்கி
கட்டைவிரலால் எண்ணைத் துடைத்தார்.
"இதே வார்ப்பு ஒரு நீள வண்டியில் வரும்.
நடுத்துளை மட்டும் அரை மில்லி சிறிது."
எந்த வண்டி?
"நம்மையெல்லாம் கடைசியாக ஏற்றிக்கொண்டு போகிறதே, அது."

சவப்பெட்டிக் கடை எதெல்வினா
மெழுகுவர்த்திப் பெட்டிகளை நகர்த்திப்
பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகளைக் காட்டினாள்.
கணவன் உபரியாக வாங்கி வைத்தது.
"பதினோரு வருடம் ஓட்டினோம்,
இரண்டாம் கியரைத் தாண்டியதில்லை.
இதெல்லாம் எங்கே தேயப் போகிறது?"
இரண்டும் சேர்த்து நூற்றைம்பது.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து "யாருக்கு?" என்றாள்.
எனக்குத்தான் என்றேன்.
தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.
தொழில் பழக்கம். உடனே சிரித்துவிட்டாள்.

நடுத்துளையைக் கடைசல்காரன் பெருக்கித் தந்தான்,
ஒரு காபிக்கு.
"முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாகப் பழக்கு,
இப்போதே அடித்து மிதிக்காதே" என்றான் அமாரோ.

ஆகவே மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரில்
சவ ஊர்வல வேகத்தில் மலை ஏறினேன்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.
ஒரு சைக்கிள்காரன் முந்திப் போனான்,
திரும்பிப் பார்த்து, பாவம் பார்த்து.

இருநூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டர், இறக்கம், மூடுபனி.
வளைவில் சாலை நடுவே செம்பழுப்பு மாடு.
அமாரோ சொன்னது மறந்து போயிற்று.
மிதித்தேன்.

ஸ்டியரிங் நடுங்கவில்லை.
கை நடுங்கியது. இந்த முறை அது என் கைதான்.

நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது.
மாடு திரும்பிப் பார்க்கவில்லை.
சூடான இரும்பு வாசம் உள்ளே வந்தது.
அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போகட்டும் என்று
எஞ்சினை அணைத்தேன்.