ஆலைச் சங்கின் சுருதி

பாடாங் செராயில் பருவம் இரண்டுதான்:
மழை, மழைக்கு முந்தின புழுக்கம்.
செம்பனைக்கு அதுவும் கிடையாது.
பத்து நாளைக்கு ஒரு சுற்று,
வருஷம் முழுக்கக் குலை.
இந்த ஊரில் போய்
இது திருவருகைக் காலம், இது தவக்காலம் என்று
பீடத்து ஊதாத் துணியைக் காட்டினால்
"புதுத் துணியா, நல்லாயிருக்கு" என்கிறார்கள்.

அதனால் பாட்டில் கை வைத்தேன்.

நான் இசை படித்தவள் இல்லை.
ஆலை வாசலில் லோரி எடை போடுகிறவள்.
பாரத்தோடு ஒருமுறை ஏறும்,
இறக்கிவிட்டு வெறுமனே ஒருமுறை ஏறும்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.
கோயிலிலும் அதையே செய்து பார்க்கலாம் என்று பட்டது.

டிசம்பர் பிறந்ததும்
ஞானப்பூ அக்கா மாட்டுக்கொட்டில் பாட்டுக்குத் தொண்டையைச் செருமினாள்.
"இன்னும் பிறக்கல அக்கா."
"சூப்பர்மார்க்கெட்டுல போன மாசமே பிறந்துட்டாரே!"

நான்கு ஞாயிறும் ஒரே பாட்டு வாசித்தேன்.
கடைசி அடியை ஸ-வில் இறக்கவில்லை.
ஒரு படி கீழே, நி-யிலேயே விட்டுவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டேன்.
மழையில் குடை பிடித்தபடி
எதையோ மறந்துவிட்டு வந்த முகங்களோடு
எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.
பிலவேந்திரன் லோரியை மேடையில் நிறுத்திச் சண்டைக்கு வந்தார்.
"வாரம் பூரா அது தலைக்குள்ளேயே தொங்குதும்மா,
எப்படி வண்டி ஓட்டுறது?"
நள்ளிரவுப் பூசையில் அந்த ஸ விழுந்தபோது
அவர் "ஹாங்" என்றார், சத்தமாக.
சாமியார் திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி கடைசியில்
கோயிலுக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் பால்மரங்கள்
இலை சிவந்து கொட்டின.
சாம்பல் புதனன்று கேசியோவைப் போர்த்தி மூடினேன்.
அல்லேலூயாவையும் எடுத்து வைத்தேன்.
சுருதிக்கு ஆலை இருந்தது.
ஞாயிறும் ஓடுகிற ஆலை,
ஏழு மணிக்கு ஆள் மாறச் சங்கு ஊதும்.
அது அடங்குவதற்குள் அதையே பிடித்துப் பாட வேண்டும்.
"கோயிலுக்கே சங்கு ஊதிட்டீங்க" என்றார் பிலவேந்திரன்.
ஆனால் பிடித்தார்,
அடித்தொண்டையில், யாரையும்விடச் சரியாக.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து
கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் வாசலில் நின்றான்.
ஃபுளோரஸ் தீவிலிருந்து குலை வெட்ட வந்தவன்,
பெயர் அகுஸ்தினுஸ், தமிழ் தெரியாது.
"புவாசா தொடங்கிட்டதா?" என்று மலாயில் கேட்டான்.
குவாட்டர்ஸில் காலண்டர் இல்லையாம்.
எப்படித் தெரிந்தது என்றேன்.
"உங்கள் பாட்டில் ஒரு சொல்லைக் காணோம்" என்றான்.
"எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
எல்லாரையும்விட முதலில் புரிந்துகொண்டவன் அவன்.
இரவு படுத்த பிறகுதான் உறைத்தது:
எங்களிடமிருந்து நான் எடுத்தது ஒரு சொல்,
அவனிடமிருந்து எடுத்தது மொத்தப் பாட்டையும்.
மூன்று வாரமாக வாயை மூடி நின்றிருக்கிறான்.
இதற்கு எந்தச் சீட்டில் என்ன எடை எழுதுவேன்?

திருப்பித் தர வழியில்லை, தவக்காலம் தவக்காலம்தான்.
பெரிய சனிக்கிழமை இரவு
நீதான் ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
மூன்று தடவை,
ஒவ்வொரு தடவையும் சுருதி ஏற்றி.

வேலை முடிந்த பூட்ஸோடு வந்தான்.
மெழுகுவத்தி அவன் கையில் நடுங்கியது.
எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் எடுத்துவிட்டான்,
பதற்றமோ, ஆறு வாரம் அடக்கியதோ.
பிலவேந்திரன் என்னைப் பார்த்தார்,
நான் கேசியோவைப் பார்த்தேன்.
இரண்டாவதுக்கே ஞானப்பூ அக்காவின் குரல் உடைந்தது.
மூன்றாவது எங்களில் ஒருவருக்கும் எட்டவில்லை.

எட்டாமலே பாடினோம்.