இது என்ன செய்யும்

உருகுவேயின் வடக்கே, தக்வாரெம்போவில் ஜனவரி.
மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது.
கால்நடை மருத்துவர் நிதியா எத்செவெர்ரிக்கு
வேண்டியது ஒன்றே ஒன்று:
தடுப்பூசிப் பெட்டி சூடேறினால்
எதுவாவது அவளை எழுப்ப வேண்டும்.

இலவசம், திறந்த மூலம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்
என்றார்கள். முதல் வரியைப் படித்தாள்.

"பன்முக டெலிமெட்ரி ஓடைகளுக்கான
பின்தளம் சாராத, நிகழ்வு மைய,
மாடுலர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் அடுக்கு."

மாத்தேயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு
மறுபடி படித்தாள்.
ஓடை மட்டும் புரிந்தது.
ஊருக்கு வெளியே ஒன்று ஓடுகிறது,
கன்றுகள் அதில் தண்ணீர் குடிக்கும்.
இது அந்த ஓடை இல்லை போலும்.

'எதற்கு' என்ற தலைப்பின் கீழே
'எதற்கும்' என்று எழுதியிருந்தது.
'தொடங்க' என்பதன் கீழே
முன்தேவைகள் பதினொன்று,
ஒவ்வொன்றுக்கும் அதனதன் முதல் வரி.

திங்கள் இரவு போயிற்று. செவ்வாய் இரவும்.
புதன் விடியுமுன் கம்ப்ரஸர் நின்றது.
யாரும் எழவில்லை.
காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்
கைச்சூட்டில் இருந்தன.
ஊசி போட மாடுகளை ஓட்டி வந்திருந்த கவூசோ
தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.
வந்த வழியே ஓட்டிப் போனார்.

அன்று கோபத்தோடுதான் அதன் உள்ளே நுழைந்தாள்.
முப்பத்தேழு கோப்புறை தாண்டி
ஒரு சின்னக் கோப்பு:
எண்ணைப் பார்.
ஒரு நிமிடம் பொறு.
மறுபடி பார்.
கூடினால் மணி அடி.

பெர்னோ நகரத்து ஒத்மாருக்குத்
திருத்தம் ஒன்று அனுப்பினாள், முதல் வரிக்கு மட்டும்:
"குளிர்ப்பெட்டி சூடானால் இது உங்களை எழுப்பும்."

பத்தொன்பது நாள் கழித்துப் பதில்.
"மிக்க நன்றி. ஆனால் இது
இன்னும் எவ்வளவோ செய்யும்.
மிகை எளிமை. ஏற்பதற்கில்லை."

அவர் பொய் சொல்லவில்லை.
பதினோரு வருடத்து ஞாயிறுகளை
அதற்குள் போட்டிருக்கிறார்.
'எழுப்பும்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால்
அத்தனை ஞாயிறும் எங்கே போய் உட்காரும்?

நிதியா அந்த வரியைத் தாளில் எழுதிப்
பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள்.
பசை சரியில்லை, ஒரு மூலை தொங்குகிறது.

நேற்று இரவு மூன்று மணிக்கு
மணி அடித்தது.
செருப்பைத் தேடவில்லை அவள்.